மந்திரத்தின் முன் மண்டியிட மாட்டோம்: உயர் லெவல் வீரர்களுக்கான கொள்கைப் பிரகடனம்

பகடையும் பென்சிலும் தாளுமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை வளர்க்கும் நாங்கள், ஒரே ஒரு கோரிக்கையை முன்வைத்து இன்று ஒன்றுசேர்கிறோம். இருபதாம் லெவலை எட்டிய வீரர், முதல் லெவலில் இருந்ததைவிட எளிதாக மந்திரத்துக்கு இரையாகக் கூடாது. இதைக் கேட்க ஓர் இயக்கம் வேண்டுமா என்று நினைப்பவர்கள் முதலில் கணக்கைப் பார்க்கட்டும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு 2014-இல் வந்தது. அந்த விதிகளின்படி, ஒரு மந்திரம் உங்கள் பாத்திரத்தின் மனத்தைக் கட்ட வரும்போது நீங்கள் இருபது முகப் பகடையை உருட்டுகிறீர்கள். விழுந்த எண்ணோடு உங்கள் விஸ்டம் கூட்டெண்ணைச் சேர்த்து, மந்திரம் போட்டவரின் இலக்கெண்ணை எட்டினால் தப்பிக்கிறீர்கள். இதுதான் சேவிங் த்ரோ. இலக்கெண் என்பது எட்டோடு மந்திரவாதியின் தேர்ச்சி எண்ணையும் அவருடைய திறன் கூட்டெண்ணையும் சேர்த்து வருவது. இன்டெலிஜென்ஸ் 16 உள்ள முதல் லெவல் விஸார்டுக்கு 8, 2, 3 சேர்ந்து 13. விஸ்டம் 10 உள்ள முதல் லெவல் ஃபைட்டருக்குக் கூட்டிக்கொள்ள எதுவும் இல்லை. பகடையில் 13 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். தப்பும் வாய்ப்பு 40 சதவீதம்.

இப்போது அதே இருவரையும் இருபதாம் லெவலில் எதிரெதிரே நிறுத்துங்கள். விஸார்டின் இலக்கெண் 8, 6, 5 சேர்ந்து 19 ஆகிவிட்டது. ஆறு திறன்களில் இரண்டின் சேவிங் த்ரோவில்தான் ஒரு பாத்திரத்துக்குத் தொடக்கத்தில் தேர்ச்சி உண்டு. ஃபைட்டருக்கு அவை ஸ்ட்ரெங்தும் கான்ஸ்டிட்யூஷனும். விஸ்டம் சேவில் அவர் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறார். பகடையில் 19 அல்லது 20 விழுந்தால்தான் பிழைப்பார். வாய்ப்பு 10 சதவீதம்.

பத்தொன்பது லெவல் ஏறியதற்குக் கிடைத்த பரிசு இது.

இந்தப் பத்து சதவீதம் மேசையில் என்ன செய்கிறது என்பதை ஆடியவர்கள் அறிவார்கள். ஹோல்ட் பெர்சன் இரண்டாம் நிலை மந்திரம்; மூன்றாம் லெவல் விஸார்டே கற்றுவிடுவார். டிராகன்களை வீழ்த்திய வீரரை அந்தச் சிறு மந்திரம் சிலையாக நிறுத்திவிடும். அது ஒரு நிமிடம் வரை நீடிக்கும். ஆட்டக் கணக்கில் பத்துச் சுற்று. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மறுபடி உருட்டலாம், அதே பத்து சதவீதத்தோடு. அருகில் நின்று அவரைத் தாக்குபவருக்கு, அடி பட்டாலே அது கிரிட்டிக்கல். உயர் லெவலில் ஒரு சுற்று முடியவே நேரம் பிடிக்கும். ஒவ்வொருவரிடமும் செய்வதற்கு அவ்வளவு இருக்கிறது. அந்த நேரமெல்லாம் ஒருவர் கையில் பகடையை வைத்துக்கொண்டு மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பல மாதங்களாக வாரந்தோறும் வந்து அந்தப் பாத்திரத்தை வளர்த்தவர் அவர். எங்கள் கோபம் அந்த நாற்காலியிலிருந்துதான் தொடங்குகிறது. டொமினேட் பெர்சன் விழுந்தால் நிலைமை இன்னும் மோசம்: அவர் தன் கூட்டாளிகள்மீதே வாளை ஓங்க வேண்டும்.

ஆட்டம் தொடக்கத்திலிருந்தே இப்படி இருந்ததில்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் உருவாக்கிய ஆட்டம், சில ஆண்டுகளில் அட்வான்ஸ்டு பதிப்பாக விரிந்தது. 1979-இல் வந்த, ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டருக்கான கையேட்டில் சேவிங் த்ரோ அட்டவணையைப் பாருங்கள். முதல் லெவல் ஃபைட்டர் மந்திரத்திலிருந்து தப்ப 17 விழ வேண்டும், 20 சதவீதம். பதினேழாம் லெவலில் 6 விழுந்தால் போதும், 75 சதவீதம். எதிரே நிற்கும் மந்திரவாதி எவ்வளவு பெரியவர் என்று அந்த அட்டவணை கேட்கவே இல்லை. வீரர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று மட்டும் கேட்டது. அதே நூலில் கைகாக்ஸ், பாறையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டவன்மீது டிராகன் நெருப்பை உமிழ்ந்தால் அவனுக்கும் ஒரு வாய்ப்பு வேண்டும் என்று வாதிடுகிறார். பாறையில் ஒரு பிளவு இருந்திருக்கலாம், அதற்குள் அவன் ஒடுங்கியிருக்கலாம் என்பது அவர் தரும் விளக்கம். வீரர் என்பவர் எப்படியோ தப்பிப்பவர் என்ற நம்பிக்கை அந்த விதிக்குள் இருந்தது. நாங்கள் மீட்கக் கேட்பது அந்த நம்பிக்கையைத்தான்.

அந்த அட்டவணைக்கு மேலாக மந்திர எதிர்ப்பு என்றே தனியாக ஒன்றும் இருந்தது. 1977-இல் வந்த மான்ஸ்டர் மேனுவலில் அது ஒரு சதவீத எண். பதினொன்றாம் லெவல் மந்திரவாதிக்கு எதிரான கணக்கு அது. எதிரி அதற்கு மேலே ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் எதிர்ப்பு 5 சதவீதம் குறையும். கீழே இறங்கினால் அதே அளவு கூடும். மைண்ட் ஃப்ளேயருக்கு 90. டெமகார்கனுக்கு 95. அடுத்து வந்த நூல்களில், பாதாளத்தில் வாழும் டிரோ எல்ஃபுகளுக்கு 50, அதோடு லெவலுக்கு 2 வீதம் கூடுதல். எட்டாம் லெவல் டிரோவுக்கு 66 சதவீதம். பதினாறாம் லெவல் மந்திரவாதி எதிரே வந்தால் அது 41 ஆகும். தாக்குபவரின் உழைப்புக்கும் தாங்குபவரின் உழைப்புக்கும் ஒரே வரியில் மதிப்புக் கொடுத்த விதி இது. இதைவிட நேர்மையான விதியை நாங்கள் பார்த்ததில்லை. 1989-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அந்த ஏற்ற இறக்கத்தை நீக்கி எதிர்ப்பை நிலையான எண்ணாக்கிவிட்டார்கள். கற்றுக்குட்டி மந்திரவாதிக்கும் பேராசானுக்கும் ஒரே சுவர். விதியின் உயிர் போனது அங்கேதான் என்பது எங்கள் தீர்ப்பு.

2000-இல் வந்த மூன்றாம் பதிப்பைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் அது ஒன்றைச் சரியாகவும் ஒன்றைத் தவறாகவும் செய்தது. சரியாகச் செய்தது ஸ்பெல் ரெசிஸ்டன்ஸ். மந்திரவாதி இருபது முகப் பகடையோடு தன் லெவலைக் கூட்டி எதிரியின் எதிர்ப்பெண்ணை எட்ட வேண்டும். மாங்க் என்ற துறவி வீரர் பதின்மூன்றாம் லெவலில் பெறும் எதிர்ப்பெண் 10-உடன் அவருடைய மாங்க் லெவல். சம லெவல் மந்திரவாதி பகடையில் 10 அல்லது அதற்கு மேல் உருட்டினால் உள்ளே வரலாம். வெளியே நிற்கும் வாய்ப்பு 45 சதவீதம். இருவரும் எத்தனை லெவல் ஏறினாலும் அந்த விகிதம் மாறாது. தவம் கூடக் கூடக் காப்பும் கூடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது அதற்கிருந்த விலை. எதிர்ப்பு உள்ளவரைக் குணப்படுத்த வரும் கிளெரிக்கும் அதே பகடையை உருட்டியாக வேண்டும். வேண்டாமென்றால் எதிர்ப்பு உள்ளவர் தன் சுற்றில் ஒரு செயலைச் செலவிட்டு எதிர்ப்பைத் தளர்த்த வேண்டும். தளர்த்திய நேரத்தில் எதிரியின் மந்திரமும் உள்ளே வரும். பகைவனுக்குப் பூட்டிய கதவு நண்பனுக்கும் பூட்டியே இருக்கும் என்ற இந்த விதியை நாங்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறோம்.

தவறு சேவிங் த்ரோவில் நடந்தது. முன்பிருந்த ஐந்து வகைகளை ஃபார்ட்டிட்யூட், ரிஃப்ளெக்ஸ், வில் என்று மூன்றாகச் சுருக்கினார்கள். இலக்கெண்ணை மந்திரத்தின் நிலையோடும் மந்திரவாதியின் திறனோடும் வளரவிட்டார்கள். ஒன்பதாம் நிலை மந்திரத்துக்குத் திறனைக் கூட்டும் முன்பே இலக்கெண் 19. இருபதாம் லெவல் ஃபைட்டரின் அடிப்படை வில் சேவ் வெறும் 6. தாக்குதல் ஓடியது, தற்காப்பு நடந்தது. ஐந்தாம் பதிப்பில் தற்காப்பு நின்றேவிட்டது. இடையில் 2008-இன் நான்காம் பதிப்பு மந்திர எதிர்ப்பையே கைவிட்டது. அதைப் பற்றிச் சொல்ல எங்களிடம் வேறெதுவும் இல்லை.

ஐந்தாம் பதிப்பில் மந்திர எதிர்ப்பு திரும்பி வந்தது, ஆனால் யாருக்கு வந்தது என்று பாருங்கள். அது இருந்தால் மந்திரத்துக்கு எதிரான சேவிங் த்ரோவில் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். மைண்ட் ஃப்ளேயருக்கு உண்டு. டெரஸ்க்குக்கு உண்டு. மான்ஸ்டர் மேனுவலில் உள்ள ஆர்ச்மேஜ், பதினெட்டாம் லெவல் மந்திரவாதியான சாதாரண மனிதர், அவருக்கும் உண்டு. வயதான டிராகன்களுக்கும் லிச்சுக்கும் லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் என்று இன்னொன்று: 2014 விதிகளில் ஒரு நாளில் மூன்று முறை, தோற்ற சேவிங் த்ரோவை வென்றதாக மாற்றிக்கொள்ளலாம், பகடையைத் தொடாமலே. ஆட்டக்காரர்களில் யுவான்-டி பியூர்பிளட்டாகவோ சாட்டராகவோ பிறந்தவருக்கு மந்திர எதிர்ப்பு முதல் லெவலிலேயே கிடைக்கிறது. அப்ஜுரேஷன் பள்ளியைச் சேர்ந்த விஸார்டுக்குப் பதினான்காம் லெவலில் கிடைக்கிறது.

அதாவது அசுரப் பிறவிக்கு உண்டு, பிறப்பால் வாய்த்தவருக்கு உண்டு, மந்திரம் படித்தவருக்கு உண்டு. வெறும் கையோடும் வாளோடும் படிப்படியாக ஏறி வந்த மனிதருக்கு இல்லை. பிறப்பால் வருவது உழைப்பால் வராது என்று சொல்லும் எந்த விதியையும், அது கற்பனை உலகத்து விதியாக இருந்தாலும், நாங்கள் ஏற்பதில்லை.

மறுப்பாக எங்களிடம் சொல்லப்படுபவற்றை நாங்கள் எண்ணிப் பார்க்காமல் இல்லை. ரெசிலியன்ட் என்ற ஃபீட்டை எடுத்தால் விஸ்டம் சேவில் தேர்ச்சி கிடைக்குமே என்கிறார்கள். கிடைக்கும். இருபதாம் லெவலில் 6 கூடும். 19-ஐ எட்டப் பகடையில் 13 விழ வேண்டும். வாய்ப்பு 40 சதவீதம். வாழ்நாளில் ஒரு சிலதே கிடைக்கும் ஃபீட்களில் ஒன்றைச் செலவழித்து, முதல் லெவலில் சும்மா இருந்த அதே 40-க்கு வந்து சேர்கிறார். பக்கத்தில் ஒரு பாலடின் நின்றால் அவருடைய கரிஸ்மா கூட்டெண் உங்களுக்கும் கிடைக்குமே என்கிறார்கள். அது அருமையான விதி, எங்களுக்கும் பிடித்தது. ஆனால் பதினெட்டாம் லெவல் வரை அந்தக் காப்பு பத்தடிக்குள் மட்டும். வில்லை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறிய வீரருக்கு அது எட்டாது. ஒருவருடைய மன உறுதி பக்கத்தில் நிற்பவரைப் பொறுத்தே அமையும் என்றால் அதை அவருடைய உறுதி என்று சொல்ல முடியுமா?

ஃபைட்டருக்கு ஒன்பதாம் லெவலில் இன்டாமிட்டபிள் இருக்கிறதே என்கிறவர்களுக்கு நாங்கள் நன்றியோடு பதில் சொல்கிறோம். 2014 விதியில் அது மறு உருட்டல் மட்டும். 10 சதவீதத்தை இரண்டு முறை முயன்றால் 19 சதவீதம். 2024-இல் திருத்தி வந்த விதிகளில், மறு உருட்டலோடு ஃபைட்டரின் லெவலையும் கூட்டிக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். இருபதாம் லெவல் ஃபைட்டர் பகடையில் 1 உருட்டினாலும் 21. 19 என்ற இலக்கெண் வீழ்ந்தது. எங்கள் கோரிக்கை நியாயமானது என்பதற்கு விதி எழுதியவர்களே தந்த சாட்சி இது. ஆனாலும் அது ஃபைட்டருக்கு மட்டும், நீண்ட ஓய்வுகளுக்கு இடையே அதிகபட்சம் மூன்று முறை. ரோகுக்குப் பதினைந்தாம் லெவலில் விஸ்டம் சேவில் தேர்ச்சி வருகிறது, அதையும் மதிக்கிறோம். சிதறிக் கிடக்கும் இந்தச் சலுகைகளை ஒரே உரிமையாக்க வேண்டும் என்பதே எங்கள் நிலை.

விஸார்டாக ஆடும் தோழர்களுக்கு ஒரு சொல். இந்தப் பிரகடனம் உங்களுக்கு எதிரானது அல்ல. லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் உங்களுக்கு என்ன செய்கிறது என்பதை நாங்கள் மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறோம். கைவசமுள்ள மிகப் பெரிய மந்திரத்தை எடுத்து வீசுகிறீர்கள், அது சரியாகப் பலிக்கிறது, டிராகன் இல்லை என்கிறது. பகடையும் இல்லை, போராட்டமும் இல்லை. அந்த ஏமாற்றத்தை நாங்கள் எதிர்ப்பக்கத்தில் திருப்பிச் செய்யப் போவதில்லை. முழுத் தடுப்பு எங்களுக்கு வேண்டாம். டெமகார்கனின் 95 வேண்டாம். ஆறாம் நிலை வரையுள்ள எந்த மந்திரமும் தான் விரும்பாமல் தன்னைத் தொடாது என்று 2014 விதியில் ராக்ஷஸாவுக்கு இருந்த காப்பும் வேண்டாம். எதிர்ப்பு எப்போதும் எல்லோர் கண்ணெதிரே உருளும் பகடையாக இருக்க வேண்டும், தோற்கும் வாய்ப்போடு. ஃபோர்ஸ்கேஜ், மேஸ் போலச் சேவிங் த்ரோவே கேட்காத மந்திரங்கள் 2014 விதிகளில் இருக்கின்றன. அவற்றை நாங்கள் தொடவில்லை. வீரரின் மனத்தை உடைக்க முடியாதபோது அவரைச் சுற்றிக் கூண்டு கட்ட யோசிக்கும் விஸார்டுதான் நல்ல எதிரி.

இனி நாங்கள் முன்மொழியும் விதி. பழைய நூலின் அளவுகோலை மதித்துப் பதினொன்றாம் லெவலிலிருந்து தொடங்குகிறோம். மந்திரம் போடும் திறன் அறவே இல்லாத பாத்திரம், மந்திரத்துக்கு எதிரான ஒவ்வொரு சேவிங் த்ரோவிலும், தேர்ச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும், தன் தேர்ச்சி எண்ணுக்குப் பதிலாக லெவலில் பாதியைக் கூட்டிக்கொள்ளும். பின்னம் வந்தால் கீழே விட்டுவிடலாம். பதினொன்றாம் லெவலில் விஸார்டின் இன்டெலிஜென்ஸ் 20 என்றால் இலக்கெண் 17. விஸ்டம் 10 உள்ள நம் வீரர் 5 கூட்டுகிறார், 12 விழ வேண்டும், 45 சதவீதம். இருபதாம் லெவலில் 10 கூட்டுகிறார், 19-ஐ எட்ட 9 விழ வேண்டும், 60 சதவீதம். முதல் லெவலில் 40, நடுவில் 45, உச்சியில் 60. ஏறுபவர் ஏறுகிறார். பத்தில் நான்கு முறை விஸார்டும் வெல்கிறார்.

விலை இது. இந்த எதிர்ப்பைப் பெற்றவர்மீது நண்பர் ஒருவர் நல்ல மந்திரம் போட்டால், குணப்படுத்துவதாக இருந்தாலும் வேகம் தருவதாக இருந்தாலும், எதிர்ப்பு உள்ளவர் தன் ரியாக்‌ஷனைச் செலவழித்தே அதை ஏற்க முடியும். ஒரு சுற்றுக்கு ஒரே ரியாக்‌ஷன்தான். கிளெரிக்கின் கையைப் பிடிப்பதா, ஓடும் எதிரியை வெட்டுவதா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். நினைவிழந்து விழுந்தால் எதிர்ப்பும் விழும். அப்போது நண்பரின் மந்திரமும் தடையின்றி வரும், பகைவரின் மந்திரமும் வரும். ஆசைப்பட்டு ஒரே ஒரு லெவல் விஸார்டாகவோ கிளெரிக்காகவோ படித்தாலும் எதிர்ப்பு போய்விடும். மந்திரத்தை ஏற்றுக்கொண்டவர் அதை எதிர்த்து நிற்கும் உரிமையைக் கைவிடுகிறார். இந்தத் தேர்வை ஆட்டக்காரர் பத்தாம் லெவலிலேயே யோசிக்கத் தொடங்குவார். அப்படி யோசிக்க வைப்பதே நல்ல விதியின் வேலை.

எதிர்ப்பு கடையில் வாங்கும் பொருளாக இருக்கக் கூடாது என்பதிலும் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். மேன்டில் ஆஃப் ஸ்பெல் ரெசிஸ்டன்ஸ் என்ற போர்வை ஐந்தாம் பதிப்பில் உண்டு. போர்த்தினால் காப்பு, கழற்றினால் ஒன்றுமில்லை. அது புதையலில் கிடைத்தால் மகிழ்ச்சி. ஆனால் வீரரின் பெருமை அவருடைய தோளில் கிடக்கும் துணியில் இருக்கக் கூடாது. இதற்கு ஒரே விலக்காக ஹோலி அவெஞ்சர் வாளை வைக்கிறோம். 1979 விதியில் அது பாலடினின் கையில் இருக்கும்போது மட்டும் அவரைச் சுற்றி ஐந்தடிக்கு 50 சதவீத எதிர்ப்பைத் தந்தது. மூன்றாம் பதிப்பில் பாலடினின் லெவலோடு 5 சேர்த்து எதிர்ப்பெண். ஐந்தாம் பதிப்பில் பத்தடிக்குள் இருக்கும் நண்பர்களுக்கும் சேர்த்து இரண்டு பகடை; பதினேழாம் லெவலில் முப்பதடி. மூன்று பதிப்புகளிலும் அந்த வாள் தகுதியுள்ள கையைத் தேடியது, கிடைத்த காப்பைப் பக்கத்தில் நிற்பவரோடு பகிர்ந்தது. பொருள் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

டன்ஜன் மாஸ்டர்களே, இந்த விதி உங்கள் சுமையைக் கூட்டாது. குறைக்கும். ஒரு வீரரை முதல் சுற்றிலேயே முடக்கிவிடுமோ என்று பயந்து, மந்திரவாதி எதிரிகளின் கையைக் கட்டி வைத்து ஆடுபவர்கள் உங்களில் பலர். பகடையை மறைத்து உருட்டி, விழுந்த எண்ணை மாற்றிச் சொல்லி வீரரைக் காப்பாற்றுபவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கருணை எங்களுக்கு வேண்டாம். காப்பை எங்கள் தாளில் எழுதிக் கொடுங்கள். பிறகு லிச்சை அதன் முழு பலத்தோடு எங்கள்மீது அவிழ்த்துவிடுங்கள்.

இந்த இயக்கத்துக்கு உறுப்பினர் கட்டணம் இல்லை, தலைவர் இல்லை. உங்கள் மேசையில் யாராவது பத்தாம் லெவலைத் தாண்டியிருந்தால், அடுத்த அமர்வு தொடங்கும் முன் இந்த விதியைப் படித்துக் காட்டுங்கள். மந்திரவாதியாக ஆடுபவர் முதலில் பேசட்டும். அவர் சம்மதமில்லாமல் ஏற்க வேண்டாம். ஏற்றுக்கொண்டால் ஒரு முழுக் கதை முடியும்வரை ஆடுங்கள், எத்தனை சேவிங் த்ரோ வென்றது, எத்தனை தோற்றது என்று தாளின் ஓரத்தில் குறித்து வையுங்கள். பாதி லெவல் அதிகம் என்று பட்டால் குறையுங்கள், போதாது என்றால் கூட்டுங்கள். ஆனால் விலையை மட்டும் நீக்காதீர்கள். உங்கள் எண்களை மற்ற மேசைகளோடு பகிருங்கள். இந்த விதியின் அடுத்த வடிவத்தை அவற்றை வைத்தே எழுதுவோம்.